மறுநாள் ருசி

மாமனார் தம் கையால் ஊற்றிக் கொடுக்க, மருமகன் அதை வாங்கி வாயிலிட்டுக் கொப்பளித்து அவர் கண்ணெதிரிலேயே துப்புவது என்பது வேறெந்த வீட்டிலும் பெரும் ரகளையில் போய் முடிந்திருக்கும். இந்த வீட்டில் அதுதான் பிழைப்பு.

பெரியவர் அயல்நாடுகளிலிருந்து ஒயின் தருவித்து விற்பவர். விலையுயர்ந்த சரக்கின் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. 'கையைக் கடிக்காத விலையில் உலகத்து ஒயின்' என்று வாசற்பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் கிடங்கும், அதையொட்டிச் சுவைபார்க்கும் அறையும், நடுத்தளத்தில் அலுவலகம், மேல்தளத்தில் வீடு. மூன்றையும் உள்ளேயே ஒரு படிக்கட்டு இணைத்தது. ஆகையால் அவருடைய மருமகனுக்குச் செருப்பணியாமலே வேலைக்குப் போய்வரும் பாக்கியம் கிட்டியிருந்தது. அவர் தெருவில் கால்வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். மாமனார் அழைப்பதில் வியப்பில்லை. சரக்கு வண்டியோட்டிகளும், கண்ணாடிக் குவளை கழுவுபவர்களும், ஏன், துறைமுகத்துச் சுங்க அதிகாரியுங்கூட அப்படியே அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவரைப் பெற்ற தாய்க்கும் வங்கிக்கும் மட்டுமே நினைவிருந்தது.

இந்தப் பெருமை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கலியாணமான புதிதில் அவர் மாமனாரின் அலுவலகத்தில் கணக்கு எழுத வந்தவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, குளிர்பெட்டிக் கதவில் அரைப் பாட்டில் சிவப்பு ஒயின் இருந்தது. போர்ச்சுகலிலிருந்து மாதிரிக்கு வந்த அந்த ஒயினைப் பெரியவர் முந்தின நாள்தான் வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார். அன்றும் ஒரு வாய் பார்த்திருந்த மாப்பிள்ளை, இப்போது இன்னொரு வாய் குடித்துவிட்டு, "நேத்தைவிட இன்னிக்கு நல்லா இருக்கு, மாமா" என்றார். வாய் சும்மா இராமல் சொன்ன சொல்தான். பெரியவரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், அவர் கடைச் சரக்கை வாங்குகிறவர்கள் யார்? வேலை முடிந்து வீடு திரும்பும் கணவனும் மனைவியும். ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டு, மூடியைத் திருகி, மிச்சத்தை மறுநாளைக்கென்று எடுத்து வைக்கிறவர்கள். பணக்காரர் வீட்டுப் பாட்டில் ஒரே அமர்வில் தீர்ந்துபோகும்; சாதாரண வீட்டுப் பாட்டில் இரண்டு நாள் வாழ வேண்டும். முதல்நாள் மினுக்கிவிட்டு மறுநாள் புளித்துப்போகும் சரக்கை மலிவென்று விற்பது ஏமாற்று வேலையல்லவா? அன்றுமுதல் அந்த நிறுவனத்தில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. மாதிரிகளைத் திறந்து ருசி பார்ப்பார்கள். மாப்பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதை மட்டும் மூடிவைத்து மறுநாள் மீண்டும் பார்ப்பார்கள். அப்போதும் நன்றாயிருந்தால்தான் கொள்முதல். அதற்கு 'மறுநாள் ருசி' என்று பெயர் வைத்தவர் பெரியவர். மாப்பிள்ளையின் மீசை வைத்த முகத்தை வட்டமாக அச்சடித்து, தேர்வான பாட்டிலின் கழுத்தில் ஒட்டச் சொன்னவரும் அவரே. அந்த முகத்தை நம்பி ஜனங்கள் மால்டோவா என்றால் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாமலே அதன் ஒயினை வாங்கிக் குடித்தார்கள். கிரீஸ் தீவுகளின் வெள்ளை ஒயினைக் கூடை கூடையாக எடுத்துப் போனார்கள்.

அந்த நாக்கைக் காப்பாற்ற வீடு முழுவதும் நோன்பிருந்தது. நண்பகல்வரை வெங்காயம் வதக்கலாகாது. குளியலறையில் மணமில்லாத சோப்பு. பெரியவரின் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, முகத்துக்குப் பவுடர் பூசி ஆண்டுக்கணக்காயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் கிடங்கு வரை செய்தி போகும்.

இவற்றையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய மனைவி இயன்முறை மருத்துவர். வெகுதொலைவிலுள்ள ஒரு நகரத்து மருத்துவமனையில் ஒரு பிரிவையே நடத்தும் பொறுப்பு அவளைத் தேடி வந்திருந்தது. தங்குவதற்கு இரண்டறை வீடும் கொடுத்தார்கள். சனிக்கிழமை புறப்பட வேண்டும். மகள் போவதைப் பெரியவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். மருமகனும் உடன் போவார் என்பது மட்டும் அவர் நினைப்பிலேயே இல்லை. அதைச் சொல்வதாக ஏற்றுக்கொண்டவர் மாப்பிள்ளை.

"சொல்லிட்டீங்களா?" என்று மனைவி பெட்டியில் துணியை அடுக்கியபடியே கேட்டாள்.

"இன்னிக்குச் சொல்லிடறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்து அவருக்குத் தலைவலி."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் சந்தோஷமா இருந்தாரு. சந்தோஷமா இருக்கிற மனுஷன்கிட்ட போய் எப்படி..."

"ஆக, அப்பாவுக்குத் தலைவலியும் இருக்கக் கூடாது, சந்தோஷமும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் வந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன். உன்னைப் பெத்தவர்தானே."

"நான் போறதை நான் சொல்லிட்டேன். நீங்க வர்றதை நீங்கதான் சொல்லணும். அதுக்கும் நான்தான் வரணும்னா, பெட்டிக்குள்ள உங்களை மடிச்சு வெச்சுத்தான் தூக்கிட்டுப் போகணும்."

அவர் முயலவில்லை என்று சொல்வது நியாயமாகாது. சாப்பாட்டு மேசையில் பலமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறார். திறந்தவுடனே பெரியவர் ஆவலோடு முன்னால் சாய்ந்து, "என்ன மாப்பிள்ளே, அடியில கொஞ்சம் கசப்பு தட்டுதா?" என்று கேட்பார். மாப்பிள்ளையும் குவளையைப் பார்த்து, "லேசா, மாமா" என்று சொல்லி மூடிவிடுவார். ஒரு ஒயினை வேண்டாமென்று சொல்ல அவரிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன. மனிதரிடம் சொல்வதற்கு ஒன்றுகூட இருக்கவில்லை.

அப்படியிருக்கையில்தான் அவர் மனத்தில் ஒரு யோசனை முளைத்தது. அவரைக் கட்டிப்போட்டிருப்பது நாக்கு. அந்த நாக்கே கெட்டுவிட்டதென்று தெரிந்தால்? வாய் திறக்காமலே விடுதலை. 'பாவம், தேய்ந்துபோயிற்று, போய்வாருங்கள்' என்று மாமனாரே வழியனுப்பிவிடுவார். அன்றைக்கே ஆண்டின் முக்கியத் தேர்வும் இருந்தது.

சுவைபார்க்கும் அறையில் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை, வடக்குப் பார்த்த சன்னல், தண்ணீர்க் கூஜா, உப்பில்லாத ரொட்டித் துண்டுகள், துப்புவதற்கு ஓர் எவர்சில்வர் வாளி. எல்லாரும் அக்கா என்றழைக்கும் கிடங்குப் பொறுப்பாளர், எந்த நாட்டு ஒயின் என்று தெரியாதபடி ஆறு பாட்டில்களுக்கும் சாம்பல்நிறத் துணியுறை மாட்டி எண் கட்டியிருந்தார். பெரியவரும் அவருடைய மகனும் மேசையின் மறுபுறம் அமர்ந்தனர். மகன் விற்பனையைக் கவனிப்பவர். தமக்கு ஒரு நாக்கு இருப்பதை இந்த வீட்டில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

"மாப்ள, கூச்சப்படாம துப்புங்க. நம்ம வீட்டு வாளிதான்" என்றார் மைத்துனர்.

முதலாவது, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் இருந்தது. நன்று, ஆனால் நாவில் நில்லாமல் ஓடிப்போயிற்று. இரண்டாவது வெறும் இனிப்பு. மூன்றாவதை வாயிலிட்டபோது மாப்பிள்ளையின் உடல் தானாகவே நிமிர்ந்தது. பழுத்த பேரிக்காயின் மணம். அதன் பின்னே, மழையில் நனைந்த கருங்கல்லைத் தொட்டாற்போன்ற ஒரு குளிர்ச்சி. விழுங்காமல் துப்பிய பிறகும் தங்கி நின்ற ஒரு தெளிவு. இந்த விலையில் இப்படி ஒன்று கிடைப்பதற்கு நல்ல காலம் இருக்க வேண்டும். அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வாளிப் பக்கம் குனிந்தார். நான்காவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை.

ஐந்தாவதுதான் அவர் தேடியது. நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிளின் வாடை. முடிவில் காடிப் புளிப்பு. போக்குவரத்தில் எங்கோ வெயில் பட்டுக் காற்றுப் புகுந்திருக்க வேண்டும். இன்றைக்கே இப்படியென்றால், நாளைக்கு இதில் ஊறுகாய் போடலாம். ஆறாவதைப் பெயருக்குச் சுவைத்துவிட்டு, "அஞ்சு" என்றார்.

மைத்துனர் அந்தக் குவளையை எடுத்து ஒரு வாய் வைத்தார், முகம் சுருங்கியது. "மாப்ள, நெசமாவா? அழுகின பழக்கூடையை அலசி ஊத்தின மாதிரி இருக்கு."

"அஞ்சுதான், மச்சான்."

பெரியவர் சுவைத்தார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு குவளையை மெதுவாக வைத்துவிட்டு, "மாப்பிள்ளை சொன்னா அதுல ஏதோ இருக்கும். கொஞ்சம் ஆழமான சரக்குதான். மூடி வைம்மா, நாளைக்குப் பார்ப்போம்" என்றார். வழக்கம்போல் மற்றப் பாட்டில்களைக் கிடங்கு ஆட்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

மறுநாள் காலை எல்லாரும் மீண்டும் கூடினர். அக்கா மூடியைத் திறந்தபோதே மாப்பிள்ளைக்கு மூக்கில் காடி நெடி ஏறிற்று, உள்ளுக்குள் மகிழ்ச்சி. இதோ தீர்ந்தது. இன்னும் சற்று நேரத்தில் பெரியவர் பெருமூச்சு விடுவார்; மைத்துனர் சிரிப்பார்; அதன்பின் மேலே போய்ப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பெரியவர் ஒரு வாய் வைத்தார். "நல்லாத் திறந்திருக்கு, ருசி விரிஞ்சு வந்திருக்கு" என்றார்.

மாப்பிள்ளை தம் காதுகளை நம்பவில்லை.

"ஆமாப்பா" என்றார் மைத்துனர், தந்தையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "நேத்து எனக்குத்தான் பிடிபடல. இன்னிக்கு லேசா ஒரு தேன் வாசனைகூட வருது."

"மாப்பிள்ளை சார் சொன்னா தப்பாப் போகுமா?" என்றார் அக்கா, குவளையைத் தொடாமலே.

"சரக்கு அனுப்பறவங்களுக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். முழுச் சரக்கையும் நாமே எடுத்துக்கலாம்" என்று பெரியவர் தொலைபேசியை அருகில் இழுத்தார். "ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லிடு."

மாப்பிள்ளை தம் முகம் ஒட்டிய அந்தப் பாட்டில் வீடு வீடாகப் போவதைக் கண்டார். வேலை முடிந்து களைத்து வந்த ஒருத்தி, மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்து, தன் மூக்கின்மேலேயே சந்தேகப்பட்டு, 'மாப்பிள்ளை தேர்வாச்சே, நமக்குத்தான் குடிக்கத் தெரியல' என்று விழுங்கி வைப்பாள். வாய் திறந்தால் ஏன் பொய் சொன்னீர் என்று கேட்பார்கள், திறவாவிட்டால் இது. இரண்டு பக்கமும் சுவர்.

அப்போது மனைவி படியிறங்கி வந்தாள். கணவர் சொல்லி முடித்திருப்பார் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் தெரிந்தது. அங்கே நிலவிய உற்சாகத்தைக் கண்டு, "என்ன, எல்லாம் பேசி முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிச்சாச்சும்மா. இந்த வருஷத் தேர்வு இதுதான். நீயும் ஒரு வாய் பாரு" என்றார் மைத்துனர்.

அவள் ஒரு வாய் வைத்தாள். உடனே வாளியைத் தேடினாள். "அப்பா, இது கெட்டுப் போயிருக்கு."

"உனக்கென்னம்மா தெரியும்? மாப்பிள்ளை எடுத்தது."

அவள் கணவரிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இது நல்லாவா இருக்கு?"

மாப்பிள்ளை வெள்ளைத் துணியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை. "நல்லா இல்ல" என்றார்.

"எப்பத்திலேருந்து நல்லா இல்ல?"

"நேத்திலேருந்து."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

அவர் குவளையைத் தள்ளி வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "தப்பா எடுத்தா அப்பாவே அனுப்பி வெச்சிடுவாருன்னா?" என்று மிகத் தணிந்த குரலில் கேட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் சினந்து எழுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அவரோ தொலைபேசியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நாக்கு நல்லாத்தான் இருக்கு?" என்றார்.

"இருக்கு, மாமா."

"நேத்தே தெரியும், மாப்பிள்ளே. வாயில வெச்ச உடனே தெரிஞ்சிடுச்சு."

"அப்பா, நீங்கதானே ஆழமா இருக்குன்னீங்க?" என்றார் மைத்துனர்.

"நீ தேன் வாசனைன்னு சொல்லலியாடா?"

"நீங்க சொன்னதால சொன்னேன்."

பெரியவர் மகனை விட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நாக்கு போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். தூக்கமே வரல. நாலு பேர் நடுவுல வெச்சு அதை எப்படிச் சொல்றது? இந்த வீட்டுக்குச் சோறு போட்ட நாக்கு. சரி, ஒரு கப்பல் சரக்கு வீணாப் போனாப் போகட்டும், கொஞ்சம் கொஞ்சமா வித்துக் கொட்டிக்கலாம், உங்க தலை மட்டும் குனியக் கூடாதுன்னு..."

மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டார். வைது துரத்தியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மனிதரிடம் இனி எந்த முகத்தோடு போகிறேன் என்று சொல்வது? நேற்றுவரை தப்பிக்க ஒரு கதவாவது இருந்தது.

"அப்பா, அவரும் என்கூட வர்றதா இருக்காரு" என்றாள் மகள். "அதைச் சொல்ல முடியாமத்தான் இத்தனை கூத்து."

"அப்படியா, மாப்பிள்ளே?"

"ஆமா, மாமா. ஆனா..."

அந்த 'ஆனா'வை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. தொண்டையில் தங்கியிருந்தது, வெளியே வந்துவிட்டது. பெரியவர் அதைப் பற்றிக்கொண்டார். "போங்க, தாராளமாப் போங்க. நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்? இந்தத் தேர்வை மட்டும் ஒழுங்குபண்ணிட்டுப் போங்க. நெசத்துல எது நல்லா இருந்துச்சு?"

"மூணு."

"அக்கா, மூணு எங்கே?"

"அது எங்க வீட்டுக்கு வந்துச்சு, சார். நேத்தே காலி. எங்க வீட்டுக்காரர் பாட்டிலைக் கவுத்துத் தட்டித் தட்டிப் பாத்தாரு" என்றார் அக்கா.

பட்டியலைப் பார்த்தபோது அது தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் என்று தெரிந்தது. ஐந்தாவது எந்த நாட்டுச் சரக்கு என்பதைச் சொல்லி அந்த நாட்டாரின் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? மூன்றாவதற்குப் புது மாதிரி வெள்ளிக்கிழமை மாலைதான் வந்துசேருமாம். சனிக்கிழமை திறந்தால், ஞாயிற்றுக்கிழமை மறுநாள் ருசி. "அதுக்குள்ள அர்ஜென்டினா சரக்கும் வந்துடும். அதையும் ஒரு பார்வை பார்த்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. ஒரே வாரம்" என்றார் பெரியவர். மாப்பிள்ளை தலையசைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது மனைவி படியேறிப் போயிருந்தாள்.

அவர் பின்னாலேயே சென்றார். அவள் பெட்டியின் முன் அமர்ந்திருந்தாள். அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம்தானே. பின்னாலேயே வந்துடறேன்."

"ம்."

"கோபமா?"

"கோபம் இல்ல. பயமா இருக்கு." அவள் கையிலிருந்த சட்டையின் சுருக்கத்தை நீவினாள். "ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா, ஊருக்கே புளிச்ச ஒயினை ஊத்தப் பார்த்தீங்க. அங்க வந்தப்புறம் என்கிட்டயும் இப்படித்தான் இருப்பீங்களா? ஒன்னு பிடிக்கலன்னா சொல்லாம, எதையாவது கெடுத்து வெச்சு, நானாப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விடுவீங்களா?"

"உன்கிட்ட அப்படி இருப்பேனா?"

"நல்லா இல்லன்னு இன்னிக்கு ஒருதடவை சொன்னீங்க. அதுவும் நான் கேட்டப்புறம்." சட்டையைக் கட்டிலில் வைத்தாள். "சனிக்கிழமை காலைல அண்ணன் வண்டியில கொண்டுபோய் விடறேன்னான். அதுக்குள்ள அப்பாகிட்டப் போய், ஒரு வாரமெல்லாம் முடியாது, அவகூடவே கிளம்பறேன்னு சொல்லுங்க. மூணே வார்த்தையில சொன்னாலும் போதும். உங்க சட்டையையெல்லாம் மறுபடி உள்ள வெச்சுடறேன்."

சனிக்கிழமை விடியும் வரை சட்டைகள் கட்டிலின் மேலேயே கிடந்தன.

காலையில் சுவைபார்க்கும் அறையில் மேசைத் துணியை மாற்றியிருந்தார்கள். உறையிட்ட புதுப் பாட்டிலை அக்கா திறந்தார். பெரியவரே தம் கையால் ஊற்றி, குவளையை மருமகன் பக்கம் நகர்த்தினார். இந்தச் சிலநாட்களில் அவருடைய பரிவு இருமடங்காகியிருந்தது. மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் புதிய மெத்தைகூட வந்துவிட்டது. வெளியே வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவது என்று மாப்பிள்ளை தீர்மானித்தார். குவளையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் நிறைய எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அறைவாசலில் மனைவி வந்து நின்றாள், தோளில் பை.

"கிளம்பறேன்" என்றாள்.

வாய் நிறைய ஒயின். அவர் கையை உயர்த்தி, ஒரு நிமிடம், என்று சைகை காட்டினார். அவள் நின்றாள். வாளி மேசையின் மறுகோடியில் இருந்தது. எட்டிப் பிடித்திருக்கலாம், அல்லது மாமனார் எதிரில் ஒருமுறை விழுங்கியிருக்கலாம். ஆனால் பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பழக்கப்பட்ட நாக்கோ இருபுறமும் ஒயினை மெதுவாக உருட்டத் தொடங்கியிருந்தது. பேரிக்காய் வந்தது. அதன் பின்னே அந்தக் குளிர்ச்சி வந்தது. முதல்நாள் இருந்ததைவிட இன்னும் தெளிவாக இருந்தது.

மனைவி அவர் கன்னங்கள் அசைவதைப் பார்த்தாள். வெளியே வண்டியின் ஒலிப்பான் ஒருமுறை ஒலித்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நான் வரேம்ப்பா" என்று தந்தையிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மாப்பிள்ளை எழுந்து சென்று வாளியில் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பும் ஓசை சன்னல் வழியே கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பெரியவர் ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, புதிய மெத்தை போட்ட நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்து வைத்தார்.

"எப்படி இருக்கு, மாப்பிள்ளே?"

"நல்லா இருக்கு, மாமா" என்றார் மாப்பிள்ளை.